அலாரம் அடித்த நாளிலிருந்து குசினிக்குப் போகாத தங்கச்சிக்கு

கேள்வி:

அக்கா, எனக்கு 25 வயது. சொந்த இடம் பருத்தித்துறை. போன செப்டெம்பரில் பொதுச் சுகாதாரத்தில் முதுமாணி படிக்க இங்கிலாந்திலுள்ள நியூகாசிலுக்கு வந்தேன். ஒரு வருடப் படிப்பு. ஐந்து மாதம் போய்விட்டது, இன்னும் எதுவும் பிடிபடவில்லை.

விடுதியில் நாலு பேரோடு ஒரே குசினி. வந்த மாதமே செத்தல் மிளகாய் பொரிக்கப்போய் அலாரம் அடித்து, முழுக் கட்டடமும் இரவு பத்து மணிக்குக் குளிருக்குள் இறங்கி நின்றது. அன்றிலிருந்து நான் குசினிப் பக்கம் போவதில்லை. அறைக்குள் பாணும் நூடில்ஸும்தான். வகுப்பில் வாய் திறப்பதில்லை. விரிவுரையாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறார்கள், நாக்கு எழும்புதில்லை. ஊரில் எப்போதும் முதலாம் பிள்ளை நான். இங்கே முதல் கட்டுரைக்கு 48. 'விபரித்திருக்கிறீர்கள், உங்கள் வாதம் எங்கே?' என்று கீழே எழுதியிருந்தார்கள்.

சனி ஞாயிறில் ஒரு தமிழ் ஆளின் கடையில் வேலை. 20 மணித்தியாலத்துக்கு மேலே நின்றால் கையில் காசாகத் தருகிறேன் என்கிறார். அம்மாவின் நகையும் காணி உறுதியும் ஈட்டில் இருக்கிறதால் யோசிக்கிறேன். அம்மாவோடு ஒவ்வொரு நாளும் வீடியோவில் கதைக்கிறேன், 'சந்தோசமாக இருக்கிறன்' என்றே சொல்கிறேன். விடிய மூன்று மணி வரை நித்திரை வருவதில்லை. லண்டனில் இருக்கும் மாமா, 'வெள்ளைக்காரரோட அளவா நில்லு, எங்கட சனத்தோட மட்டும் பழகு' என்கிறார். இங்கே எங்கட சனமே குறைவு. நான் எங்கேயும் பழக முடியாத ஆளா? திரும்பி வந்துவிடட்டா? வந்தால் ஊர் என்ன சொல்லும்?

பதில்:

தங்கச்சி, மற்றக் கதைகளுக்கு முதல் ஒன்றைக் கேட்கவேண்டும். விடிய மூன்று மணிவரை முழித்துக் கிடக்கும்போது 'இனி இருந்து என்ன' என்ற நினைப்பு வருகிறதா? நீங்கள் எழுதவில்லை. முதல் கடிதத்திலேயே அதை எழுதுபவர்கள் குறைவு, அதனால்தான் கேட்கிறேன். வந்திருந்தால் இந்தப் பதிலை அப்படியே வைத்துவிட்டு அந்த நாட்டுச் சுகாதாரச் சேவையின் 111க்கு அழையுங்கள். மனநலத்துக்கு 2ஐ அழுத்த வேண்டும். யாரோடாவது கதைத்தால் போதும் என்றிருந்தால் சமாரிட்டன்ஸ் அமைப்பின் இலக்கம் 116 123. இரண்டுக்கும் காசில்லை, எந்நேரமும் எடுப்பார்கள். உயிருக்கே ஆபத்தென்றால் 999.

அப்படி எதுவும் இல்லையென்றாலும் இந்தக் கிழமையே குடும்ப வைத்தியரிடம் பதிந்துகொள்ளுங்கள். விசாவுக்கு விண்ணப்பித்தபோதே வருடத்துக்கு 776 பவுண்ஸ் கணக்கில் சுகாதாரக் கட்டணம் கட்டிவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள். கட்டிய காசு கட்டியபடி கிடக்க, காய்ச்சல் வரும்வரை எங்கேயும் பதியாமல் இருக்கிற எங்கட பிள்ளைகள் நிறையப் பேர். நித்திரை இல்லை, சாப்பாடு ஒழுங்கில்லை, மனம் சோர்ந்திருக்கிறது என்று வைத்தியரிடம் சொல்வதால் மாணவர் விசா பறிபோகாது. இந்தப் பயத்தை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது, இங்கே யாழ்ப்பாணத்தில் என்னிடம் வரும் குடும்பங்களும் அதையே கேட்கிறார்கள்.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

'நான் எங்கேயும் பழக முடியாத ஆளா' என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஈட்டில் இருக்கும் நகை பணப் பிரச்சினை. மூன்று மணிவரை முழிப்பு உடம்புப் பிரச்சினை. கடை முதலாளி கேட்பது சட்டப் பிரச்சினை. 48 புள்ளி, ஒருவரும் உங்களுக்குச் சொல்லித் தராத ஒரு எழுத்து முறையால் வந்தது. கடைசியாக மிஞ்சுவது தனிமை ஒன்றுதான். இவ்வளவையும் ஒன்றாகச் சேர்த்து 'என் குணம் சரியில்லை' என்று நீங்கள் பெயர் வைத்திருக்கிறீர்கள். குணத்துக்கு என்னிடமும் மருந்தில்லை. ஆனால் இந்த ஐந்துக்கும் ஐந்து விதமான வேலை இருக்கிறது, ஐந்தும் செய்யக்கூடியவை.

முதலில் உங்களுக்கு நடப்பது புதினம் இல்லை என்பதைச் சொல்லவேண்டும். கலெர்வோ ஓபர்க் என்ற கனடிய மானிடவியலாளர் 1960இல் இதைப் பற்றி எழுதினார். எப்போது கைகொடுப்பது, ஒருவர் வா என்று கூப்பிட்டால் போவதா விடுவதா, சொல்வது மெய்யா பகிடியா என்பதையெல்லாம் பிறந்த ஊரில் யோசிக்காமலே அறிந்துகொள்கிறோம். வேறு நாட்டில் இறங்கியவுடன் அந்த அறிகுறிகள் எல்லாம் ஒரேயடியாக இல்லாமல் போகின்றன. அதனால்தான் இந்தத் தடுமாற்றம் என்றார். அதன் அடையாளங்களாக அவர் எழுதியவற்றில் சில: சாப்பாடு, தண்ணீர், படுக்கை பற்றி அளவுக்கு மீறிய கவலை, எங்கேயோ வெறித்துக்கொண்டிருக்கும் பார்வை, வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்ற தாங்கமுடியாத ஏக்கம். உங்கள் கடிதத்தை அவர் வாசிக்கவில்லை, ஆனாலும் எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. புலமைப்பரிசில் பெற்று அமெரிக்காவுக்குப் போன 200 நோர்வேக்காரரை ஸ்வெரே லிஸ்கார்ட் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்து 1955இல் எழுதினார். போய் ஆறு மாதத்துக்கும் பதினெட்டு மாதத்துக்கும் இடையில் நின்றவர்கள்தான் கூடக் கஷ்டப்பட்டிருந்தார்கள். முதலில் உற்சாகம், பிறகு சரிவு, பிறகு ஏற்றம் என்று பலர் சொல்லும் கதை அங்கேயிருந்துதான் வந்தது. ஆனால் நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களைக் கொலீன் வார்டும் கூட்டாளிகளும் ஆராய்ந்தபோது, போய் இறங்கிய நாட்களே மிகவும் கடினமானவையாக இருந்தன. ஆகவே இத்தனையாம் மாதம் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று ஒரு நேரசூசி கிடையாது. ஐந்து மாதத்தில் பிடிபடவில்லை என்பதை வைத்து உங்களுக்கு நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். சிரித்துக்கொண்டு திரிவதாக நீங்கள் நினைக்கிற பிள்ளைகளில் சிலர் தங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இதே மாதிரிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கவும் கூடும்.

நித்திரை விடயத்தில் சூரியனுக்கும் பங்கு உண்டு. பருத்தித்துறையில் வருடம் முழுக்கப் பொழுது கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்தான் படும். டிசெம்பரில் நியூகாசிலில் விடிய எட்டரை ஆகும், பின்னேரம் மூன்றே முக்காலுக்கு முதலே பொழுது பட்டுவிடும். அந்தக் குறுகிய பகலையும் நீங்கள் அறைக்குள் திரைச்சீலை போட்டுக் கழித்தால் உடம்புக்கு இரவு எது பகல் எது என்று எப்படித் தெரியும்? காலையில், மழையென்றாலும், அரை மணித்தியாலம் வெளியே நடவுங்கள். குளிர்காலத்தில் எல்லாரும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் விற்றமின் டி எடுப்பது நல்லது என்றும், எங்களைப் போன்ற கறுத்தத் தோல்காரர் வருடம் முழுக்கவே அதை எடுப்பது பற்றி யோசிக்கலாம் என்றும் அந்த நாட்டுச் சுகாதாரச் சேவையே சொல்கிறது. மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கும். இப்போது அங்கே பகல் ஒவ்வொரு கிழமையும் நீண்டுகொண்டு வருகிறது. ஜூனில் இரவு பத்து மணிக்குக் கிட்டத்தான் பொழுது படும்.

கடற்கரைப் பிள்ளை நீங்கள். நியூகாசிலிலிருந்து மெட்ரோ ரயிலில் ஏறினால் டைன்மவுத்தில் இறங்கிக் கடலுக்கு நடந்தே போகலாம். போயிருக்கிறீர்களா? எங்கட கடல் மாதிரி இருக்காது, கால் வைத்தால் விறைக்கும். ஆனால் அறைக்குள் இருந்து கூரையைப் பார்ப்பதைவிட அங்கே போய் ஒரு மணித்தியாலம் காற்று வாங்குவது நல்லது. நல்ல காற்றுச்சட்டை ஒன்று போட்டுக்கொண்டு போங்கள்.

இனிக் குசினி. உங்கள் கடிதத்தில் எனக்கு ஆகக் கவலை தந்தது அந்த 48 புள்ளியில்லை, அலாரத்துக்குப் பிறகு குசினிக்குப் போகாததுதான். ஒரு குசினியை இழந்ததோடு நல்ல சாப்பாடும் போய்விட்டது, கூட இருக்கிறவர்களைச் சந்திக்கிற ஒரே இடமும் போய்விட்டது. மாணவர் விடுதிகளில் அலாரம் அடிப்பது சாதாரணம். ஒருவர் பாணைக் கருக்குவார், இன்னொருவர் அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டுக் குளிக்கப் போவார். அன்று குளிருக்குள் நின்றவர்கள் அடுத்த நாளே அதை மறந்திருப்பார்கள். நீங்கள் மட்டும்தான் இன்னும் அந்த முற்றத்திலேயே நிற்கிறீர்கள்.

ஒரு சின்ன விபரம் சொல்கிறேன். பல விடுதிகளில் குசினிக்குள் இருப்பது சூட்டை அறியும் கருவி, புகையை அறியும் கருவி வெளியே நடையில் இருக்கும். குசினிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மிளகாய் பொரித்தால் புகை நடைக்குப் போய் அங்கேதான் அலாரம் அடிக்கும். கதவைச் சாத்தி, யன்னலைத் திறந்து, அடுப்புக்கு மேலேயிருக்கும் விசிறியைப் போட்டுவிட்டு, எண்ணெய் புகைய முன்னரே மிளகாயைப் போட்டு மூடியால் மூடிவிடுங்கள். கருவியைப் பிளாஸ்ரிக் பையால் மூடும் வேலை மட்டும் வேண்டாம், அதற்குத் தண்டம் கட்டவேண்டி வரும், ஆபத்தும் கூட. உங்கள் விடுதியில் எது எங்கே இருக்கிறதென்று வரவேற்பு மேசையில் கேட்டாலே சொல்வார்கள்.

பிறகு ஒரு துண்டில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள்: 'செப்டெம்பரில் அலாரம் அடிக்க வைத்தது நான்தான், மன்னிக்கவும். சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு எங்கள் ஊர்ச் சாப்பாடு சமைக்கிறேன், யாருக்கு என்ன சாப்பிடக்கூடாது என்று கீழே எழுதிவிடுங்கள்.' அந்தக் கடைசி வரி முக்கியம். ஒருவருக்குப் பன்றி ஆகாது, ஒருவருக்கு மாடு ஆகாது, இன்னொருவருக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது. கறியில் தூளைக் குறைத்துப் போட்டு, உறைப்பான சம்பலைத் தனியே வையுங்கள். வீட்டிலிருந்து யாராவது வரும்போது பருத்தித்துறை வடை கொடுத்துவிடச் சொல்லுங்கள். கனநாள் கெடாமல் இருக்கும், யாருக்கும் பிடிக்கும்.

ஒரு சாப்பாட்டோடு சிநேகிதம் வந்துவிடும் என்று சொல்லமாட்டேன். எங்களுக்கு ஊரில் சிநேகிதம் தேடாமலே கிடைத்தது. ஒரே ஒழுங்கை, ஒரே பள்ளிக்கூடம், ஒரே ரியூசன் கொட்டில், கோயில் திருவிழா என்று பத்து வருடம் தினமும் முகம் பார்த்துப் பழகினோம். அங்கே அந்தத் தினமும் முகம் பார்ப்பதை நீங்களே உண்டாக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு கிழமையும் அதே நாள் அதே நேரத்துக்குக் கூடுகிற ஏதாவது ஒன்றில் சேருங்கள், பூப்பந்தோ தொண்டு வேலையோ எதுவென்றாலும். முதல் இரண்டு மூன்று தரம் அந்நியமாகத்தான் இருக்கும், விட்டுவிடாதீர்கள். அங்கே ஒருவர் 'இரண்டு கிழமைக்குப் பிறகு கோப்பி குடிப்பமா' என்று திகதி குறித்தால் அது உங்களை விலக்குவது என்று நினைக்கவேண்டாம். அவர்கள் தங்கள் நெருங்கியவர்களோடும் அப்படித்தான். எதிரே வருபவர் 'சுகமா' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போவதும், எங்கட ஒழுங்கையில் 'எங்க வெளிக்கிட்டாச்சு?' என்று கேட்பது போன்ற ஒரு முகமன்தான். அந்தப் பகுதி ஆங்கில உச்சரிப்பு இங்கிலாந்தின் தெற்கேயிருந்து வருபவருக்கே முதலில் விளங்காது. விளங்காவிட்டால் இன்னொருதரம் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், அதில் வெட்கமில்லை.

படிப்புக்கு வருவோம். இலங்கையில் நாங்கள் பரீட்சை எழுதப் பழகிய முறை உங்களுக்குத் தெரியும். ஆசிரியர் தந்த குறிப்பைப் பிழையில்லாமல் திருப்பி எழுதினால் புள்ளி. அதில் நீங்கள் கெட்டிக்காரி. அங்கே முதுமாணியில் கேட்பது வேறு. மற்றவர் சொன்னதைச் சுருக்கிச் சொன்னால் அது ஆரம்பம் மட்டும்தான். ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு வைத்துப் பார்த்து, எது எங்கே பொருந்தும், எது எங்கே பொருந்தாது, ஏன் என்று நீங்கள் சொல்லவேண்டும்.

நுளம்புக் கட்டுப்பாடு பற்றி ஒரு கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆய்வு வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளை மூடினால் டெங்கு குறையும் என்கிறது, இன்னொன்று புகை அடிப்பதைச் சொல்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பந்தியாக எழுதினால் 48. 'தொட்டியை மூடும் முறை குழாய்த் தண்ணீர் உள்ள நகரத்தில் சோதிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு திறந்த கிணறு இருக்கிறது, டெங்கு கூடுவது வடகீழ் மழைக்குப் பிறகு. ஆகவே அந்த முடிவை அப்படியே அங்கே கொண்டுபோக முடியாது' என்று எழுதினால் அது வாதம். கவனித்துப் பாருங்கள், இதை எழுத உங்களால்தான் முடியும். உங்கள் வகுப்பில் கிணற்றடியில் வளர்ந்தவர்கள் எத்தனை பேர்? வாய் திறக்கக் கூச்சப்படுகிற அந்த வகுப்புக்கு நீங்கள் கொண்டுபோயிருக்கிற சொத்து அது. அடுத்த கருத்தரங்கு வகுப்புக்குப் போகும்போது இப்படி ஒரு கேள்வியை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள், முதல் பத்து நிமிடத்துக்குள் கேட்டுவிடுங்கள். நேரம் போகப்போக நெஞ்சு கூட இடிக்கும்.

48க்கு என்ன செய்வது என்பதைப் பாடக் கையேட்டில் பாருங்கள். முதுமாணியில் பொதுவாக 50 சித்தி. பெரும்பாலும் ஒருதரம் திருத்தி எழுதிக் கொடுக்க விடுவார்கள், ஆனால் அதற்கு எவ்வளவு நன்றாக எழுதினாலும் 50க்கு மேல் தராத இடங்களே கூட. எழுத முன்னர் அந்த விரிவுரையாளரைப் போய்ப் பாருங்கள். மாணவரைச் சந்திக்கவென்றே அவர்கள் கிழமையில் நேரம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். 'உங்கள் குறிப்பை வாசித்தேன். என் இரண்டாம் பந்தியை எப்படி மாற்றினால் வாதமாகும் என்று விளங்கிக்கொள்ள விரும்புகிறேன், பதினைந்து நிமிடம் தரமுடியுமா' என்று மின்னஞ்சல் போடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவது பற்றி இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. முதல் கடிதத்தில் கலாநிதி என்ற பட்டத்தோடு எழுதுங்கள். அவர் பதிலின் கீழே வெறும் பெயரை மட்டும் போட்டிருந்தால் அடுத்த தரம் அந்தப் பெயரால் எழுதுங்கள். அங்கே விரிவுரையாளருக்குக் காட்டும் மரியாதை, சொன்னதை வாசித்துக்கொண்டு நேரத்துக்குப் போய் உட்காருவதுதான்.

கடை முதலாளிக்கு இல்லை என்று சொல்லுங்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. பட்டப்படிப்பு மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான். கிழமை என்பது திங்கள் தொடங்கி ஞாயிறு வரை. ஒரு கிழமை பத்து, அடுத்த கிழமை முப்பது என்று சமப்படுத்த முடியாது. கையில் காசாக வாங்கினாலும் மீறல் மீறல்தான், பிடிபட்டால் உங்கள் விசா போகும். இன்னொன்றையும் பலர் அறியாமல் மாட்டுப்படுகிறார்கள். கோடைகாலத்தில் வகுப்பு இல்லை, முழுநேரம் வேலை செய்யலாம் என்று நினைக்கிறார்கள். ஆனால் முதுமாணி மாணவருக்கு ஆய்வுக்கட்டுரை எழுதும் அந்த மாதங்களும் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் தவணைக் காலமாகவே கணக்கு. உங்கள் திகதிகளைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மற்றது, இப்போது செய்யும் மணித்தியாலங்களுக்குச் சம்பளச் சீட்டு தருகிறாரா? சட்டப்படியான அடிப்படைச் சம்பளம் மாணவருக்கும் உண்டு. 'எங்கட ஆள்தானே' என்ற சொல்லைக் காட்டிச் சம்பளத்தைக் குறைப்பவரிடம் நன்றிக்கடன் பட்டு நிற்கத் தேவையில்லை. வேறு இடத்தில் வேலை தேட மாணவர் வேலைவாய்ப்புப் பிரிவில் கேளுங்கள்.

பணம் இறுக்கினால் பல்கலைக்கழகத்தின் நிதிப் பிரிவுக்குப் போங்கள். மிச்சக் கட்டணத்தைத் தவணையாகப் பிரிக்கக் கேட்கலாம். கஷ்டப்படும் மாணவருக்கான உதவி நிதி பல இடங்களில் வெளிநாட்டு மாணவருக்கும் திறந்திருக்கிறது. கேட்பது பிச்சையென்று எங்களுக்குப் படும். அங்கே அது ஒரு படிவம் நிரப்புகிற வேலை, அவ்வளவுதான்.

இனி அம்மா. இதைத்தான் நான் ஆறுதலாக எழுத நினைத்தேன், ஏனென்றால் மற்றப் பக்கத்தில் இருக்கிற அம்மாமாரைத்தான் நான் தினமும் இங்கே யாழ்ப்பாணத்தில் பார்க்கிறேன்.

ஒரு காலத்தில் எங்கட ஆட்கள் மலாயாவுக்குக் கிளார்க் வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் கப்பலேறினார்கள். கடிதம் வந்துசேரக் கிழமைக் கணக்கில் எடுக்கும். அங்கே பட்ட பாட்டை மறைப்பது சுகம், நல்லதை மட்டும் எழுதிக் காசோடு அனுப்பிவிட்டால் சரி. உங்களுக்கு அந்த வசதி இல்லை. வீடியோவில் உங்கள் கன்னம் ஒட்டியிருப்பதை அம்மா பார்க்கிறார். பின்னால் எப்போதும் அதே அறைச் சுவர்தான் தெரிகிறது என்பதையும் பார்க்கிறார். வட்ஸ்அப்பில் கடைசியாக வந்துபோன நேரத்தையும் பார்க்கிறார். உங்களுக்கு விடிய மூன்று மணி என்றால் பருத்தித்துறையில் காலை எட்டரை. தேத்தண்ணிக் கோப்பையோடு போனை எடுத்து, 'இந்த நேரத்தில பிள்ளை ஏன் முழிச்சிருக்கு' என்று கணக்குப் போடுகிறார். இப்படிக் கணக்குப் போடும் அம்மாமார் என்னிடம் வந்து கேட்பது, 'அவள் சந்தோசமா இருக்கிறன் எண்டுறாள், என்னத்தை மறைக்கிறாள்?' என்பதுதான். நீங்கள் மறைப்பதால் அம்மாவின் கவலை குறையவில்லை. என்னவென்று தெரியாத கவலையாக அது மாறியிருக்கிறது, அந்த வகைதான் ஆளை உருக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டச் சொல்லவில்லை. ஒவ்வொரு தரமும் ஒரே ஒரு கஷ்டம், அதற்கு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள். இப்படி: 'அம்மா, முதல் கட்டுரைக்கு 48தான் வந்தது. பாஸ் பண்ண ரெண்டு புள்ளி காணாது. எப்பிடித் திருத்திறது எண்டு கேக்க வியாழக்கிழமை ஆளைச் சந்திக்கப் போறன். போயிட்டு வந்து சொல்லுறன்.' முதல் நாள் அம்மா அழக்கூடும். அழட்டும். வியாழக்கிழமை இரவு நீங்கள் எடுத்து மிச்சத்தைச் சொல்லும்போது அவருக்கு உங்கள் சொல்லில் நம்பிக்கை வரும். அதற்குப் பிறகு நீங்கள் சுகம் என்றால் அவர் சுகம் என்றே எடுத்துக்கொள்வார்.

ஒவ்வொரு நாளும் வீடியோவும் வேண்டாம். இதை நான் சொல்வது அம்மாவுக்குப் பிடிக்காது, பரவாயில்லை. இப்போதைய நேர வித்தியாசம் ஐந்தரை மணித்தியாலம். அம்மா விளக்கு வைத்துவிட்டு ஆறுதலாக இருக்கும் நேரம் உங்களுக்கு மதியம், வகுப்பும் ஆட்களும் இருக்கும் நேரம். அந்த நேரம் முழுக்க நீங்கள் பருத்தித்துறையில் இருந்தால் நியூகாசிலில் எப்போது இருப்பீர்கள்? கிழமைக்கு இரண்டு நாள் நீளமாகக் கதையுங்கள், மற்ற நாட்களில் ஒரு குரல் பதிவு போதும். மார்ச் கடைசி ஞாயிறு அங்கே மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளுவார்கள், வித்தியாசம் நாலரை ஆகும். அதை முதலே அம்மாவுக்குச் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் வழமையைவிட ஒரு மணித்தியாலம் முந்தி அழைப்பு வர, என்னவோ ஏதோவென்று தவிப்பார்.

மாமா சொல்வது அன்பால்தான். அவர் போன காலத்தில் சொந்த ஆட்களின் துணை இல்லாமல் வேலையும் இல்லை, படுக்க இடமும் இல்லை. லண்டனில் கோயிலும் கடையும் தமிழ்ப் பள்ளிக்கூடமும் பக்கத்தில் இருப்பவருக்கு அது இன்னும் சரிவரலாம். நியூகாசிலில் தனியே இருக்கும் உங்களுக்கு, எங்கட சனத்தோடு மட்டும் என்றால் ஒருவரும் இல்லை என்று முடியும். குடிபெயர்ந்தவர்களைப் பற்றி நீண்டகாலம் ஆராய்ந்த கனடிய உளவியலாளர் ஜோன் பெரி, தன்னுடையதையும் விடாமல் புதிய சமூகத்தோடும் கலந்து பழகுபவர்கள் பொதுவாக மற்றவர்களைவிட நன்றாக இருக்கிறார்கள் என்கிறார். இரண்டையும் விட்டவர்கள்தான் ஆகவும் கஷ்டப்படுகிறார்கள். நீங்கள் இப்போது அந்த இரண்டுமற்ற இடத்துக்குக் கிட்ட நிற்கிறீர்கள், எனக்கு அதுதான் பயம். மாமாவிடம் வாதாட வேண்டாம். ஈஸ்ரர் லீவுக்கு லண்டன் போய் அவர் வீட்டுப் புட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, திரும்பி வந்து உங்கள் குசினியில் சைனாப் பிள்ளையோடோ நைஜீரியாப் பிள்ளையோடோ தேத்தண்ணி குடியுங்கள். மது குடிக்காமல், உங்களுக்குச் சரியில்லாத இடத்துக்குப் போகாமல் இருக்கலாம். 'எனக்கு வேண்டாம், நன்றி' என்று ஒருதரம் சொன்னால் அங்கே பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அந்த ஊரை நீங்கள் விரும்பித்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை. பஸ்ஸால் இறங்கும்போது சாரதிக்கு நன்றி சொல்வது அங்கே பழக்கம், நீங்களும் சொல்லுங்கள். உள்ளுக்குள் ஊர் ஞாபகம் இருந்தால் இருக்கட்டும்.

திரும்பி வருவதா? வரலாம், அது குற்றமில்லை. ஆனால் பெப்ரவரியில், நித்திரையில்லாத கண்ணோடு முடிவெடுக்காதீர்கள். படிப்பை விட்டால் பல்கலைக்கழகம் உள்துறை அமைச்சுக்கு அறிவிக்கும், விசாக் காலம் சுருக்கப்படும். கட்டிய காசில் எவ்வளவு திரும்பும், கட்டாததில் எவ்வளவு கேட்பார்கள் என்பது நீங்கள் விலகும் திகதியைப் பொறுத்தது. ஆகவே விலகுவது என்ற எண்ணம் இருந்தால் முதலில் சர்வதேச மாணவர் ஆலோசனைப் பிரிவில் கதையுங்கள். விசா பற்றிய ஆலோசனையை அந்த நாட்டில் அனுமதி பெற்றவர்கள்தான் சட்டப்படி சொல்லலாம், கடையில் நிற்கும் அண்ணாமார் சொல்வதை வைத்து எதையும் செய்யவேண்டாம். ஊர் கொஞ்ச நாள் கதைக்கும். பிறகு வேறு ஆளைப் பற்றிக் கதைக்கும். ஈட்டுக்கடைக்கு வட்டி கட்டப்போவது ஊர் இல்லை, உங்கள் வீடு. அதனால் முடித்துவிட்டு வந்தால் கடன் எப்படி, விட்டுவிட்டு வந்தால் கடன் எப்படி என்று இரண்டு கணக்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். வைத்தியர் உடல்நிலை காரணமாக நிறுத்தச் சொன்னால் அது வேறு, கணக்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள்.

அடுத்த கட்டுரைகளின் புள்ளிகள் வந்ததும் அந்தத் தாளோடு எனக்கு எழுதுங்கள், அப்போது இதைத் திரும்பக் கதைப்போம். இடையில் அம்மாவுக்கு மனம் பொறுக்காவிட்டால் இங்கே என்னிடம் வந்து கதைக்கலாம், அல்லது மனநல உதவிக்கான 1926க்கு எடுக்கலாம். நீங்கள் சொல்லச் சொன்னதைத் தவிர இந்தக் கடிதத்தில் உள்ள வேறெதுவும் என் வாயால் அவருக்குத் தெரியவராது.